உலைவாசல்

ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் இரைச்சல் ஊரில் யார் காதிலும் விழுவதில்லை. நின்ற பிறகுதான் காது குடைய ஆரம்பிக்கும். விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த மாதம் அது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெரிய நிறுத்தத்துக்காக ஆலையை நிறுத்தியிருந்தார்கள். தண்ணீர் லாரி ஓட்டுகிறவரின் மனைவி காலையில் துணி காயப்போடும் முன் கொடிக்கயிற்றை விரலால் வழித்துப் பார்த்தாள். கரித்தூள் ஒட்டவில்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக வெள்ளைச் சட்டையை வெளியில் காயப்போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். அவளுக்கும் அந்த ஆலையில்தான் வேலை.

பெயர்ப்பலகையில் நீளமாக என்னென்னவோ எழுதியிருந்தாலும் ஊர் வாயில் அது கேஸ் கம்பெனிதான். ஒரு பக்கம் ரயிலில் நிலக்கரி வரும். மறுபக்கம் உரமும் மெத்தனாலும் குழாயில் எரிவாயுவும் போகும். நடுவில் நடப்பது இவ்வளவுதான்: கரியை மாவாக அரைத்து, நீராவியும் ஆக்சிஜனும் சேர்த்து உலைக்குள் ஊதுவார்கள். ஆக்சிஜனை மட்டும் அளந்து, குறைத்து விடுவார்கள். முழு மூச்சு கிடைத்தால் கரி எரிந்து தீர்ந்துவிடும். அரை மூச்சில் நிறுத்தினால் எரிந்து தீரவும் முடியாமல் அணையவும் முடியாமல் திணறி வாயுவாக மாறும். அந்தச் சூட்டுக்கு இரும்பு மெழுகாக உருகிவிடும் என்பதால் உலையின் உள்பக்கம் முழுக்கக் குரோம் கல் பதித்திருக்கும். உருகிய சாம்பல் குழம்பாகச் சுவரில் வழிந்து வழிந்து அந்தக் கல்லையும் அரித்துவிடும். அதைப் பெயர்த்துவிட்டுப் புதுக்கல் வைப்பதற்குத்தான் இந்த நிறுத்தம்.

அவளுடைய வேலைக்கு வாசற்காவல் என்று பெயர். உலைக்குள் ஆள் இறங்கியிருக்கும்போது அதன் மேல்வாயிலில் ஒருத்தர் நின்றே ஆகவேண்டும். யார் உள்ளே போனார், யார் வெளியே வந்தார் என்று டோக்கன் மாட்ட வேண்டும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை உள்ளே குரல் கொடுத்துப் பதில் வாங்க வேண்டும். ஏதாவது தப்பென்று பட்டால் ஹாரனை அடிக்க வேண்டும். என்ன நடந்தாலும் தான் மட்டும் உள்ளே இறங்கக் கூடாது. "சும்மா நிக்கிறதுக்கு ஒரு வேலை, அதுக்கு ஒரு தொப்பி," என்று அவள் புருஷன் கேலி செய்வான். ஆறு வருஷமாக நிற்கிறாள். அவள் வாசலில் நின்ற எந்த நாளிலும் உள்ளே போனவர் தானாக நடந்து வெளியே வராமல் இருந்ததில்லை.

நிறுத்தத்தின் முதல் நாள் இஞ்சினியர் அவளைக் கூப்பிட்டார்.

"ரெண்டாம் உலைக்கு நீங்க நிக்கணும். வழக்கமா நிக்கிறவங்க பிரசவத்துக்குப் போயிட்டாங்க."

"கல்லு வைக்கிறது யாரு சார்?"

"ரசமட்டம்."

அவள் கையில் இருந்த தாளை நாலாக மடித்தாள். இஞ்சினியர் வேறு பக்கம் பார்த்தபடி சொன்னார்.

"ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லைன்னு எனக்கும் தெரியும். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. உள்ள ஆள் இருந்தா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பேசியாகணும். அது விதி."

"அவரு என்ன சொன்னாரு?"

"வாசல்ல கண்ணு இருந்தா போதும், வாய் எதுக்குன்னாரு."

"அப்ப நான் நிக்கிறேன் சார்," என்றாள்.

ரசமட்டம் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். கல் மட்டமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கும் கருவியின் பெயரை ஆலையில் அவருக்கே வைத்துவிட்டார்கள். சாப்பிட உட்கார்ந்தால் தட்டு ஆடுகிறதா என்று தட்டிப் பார்க்கிற ஆள். இரண்டு கல்லுக்கு நடுவில் ஒரு தாளை நுழைக்க முடிந்தால்கூட அவருக்குப் பொறுக்காது.

போன நிறுத்தத்தில் தங்கை புருஷனைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டவரும் அவர்தான். மச்சான் மூன்று வரி கல் வைத்தான். அண்ணன் வந்து மட்டத்தை வைத்துப் பார்த்தார். சுத்தியலை எடுத்து மூன்று வரியையும் இடித்துத் தள்ளினார். பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வெந்நீர் போடுற அடுப்புக்குக்கூட இது ஆகாது," என்றார். மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். அடுத்த வாரமே தண்ணீர் லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். அண்ணனும் தங்கையும் சேர்ந்து கட்டிய வீடு அது. மேலே அவர் குடும்பம், கீழே இவள் குடும்பம், ஒரே மாடிப்படி. மறுநாள் காலையில் அண்ணன் படியிறங்கும்போது தங்கை கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று வருஷமாயிற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால் மற்ற எல்லோரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். புருஷன் மாடிக்குப் போய் மச்சானோடு உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு வருவான். அண்ணியோ நாளுக்கு நாலு தடவை இறங்கி வருவாள். பாத்திரங்கள் எந்த வீட்டுடையவை என்பதே மறந்துபோகும் அளவுக்கு மேலும் கீழும் போய் வந்தன. இரண்டு பேருடைய வாய்கள் மட்டும் பூட்டிக் கிடந்தன.

உலைவாசல் ஆறாவது தளத்தில் இருந்தது. குனிந்து பார்த்தால் கிணறு மாதிரி நாற்பது அடி ஆழம். அடியில் விளக்கு வெளிச்சத்தில் அண்ணனின் மஞ்சள் தொப்பி தெரியும். வாசலுக்கு மேலே முக்காலி மாதிரி இரும்புச் சட்டம், அதில் கையால் சுற்றும் ராட்டினம். ராட்டினத்தின் கயிறு கீழே போய் அவருடைய பெல்ட்டில் முடியும்.

முதல் நாள் பத்து நிமிஷம் ஆனதும் அவள் குனிந்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது? அண்ணா என்று வாயில் வரவில்லை. அண்ணனைச் சார் என்றும் கூப்பிட முடியாது.

"உள்ள எப்படி இருக்கு?" என்றாள் பொதுவாக.

கீழேயிருந்து ரப்பர் சுத்தியலால் சுவரில் இரண்டு தட்டு. டொக், டொக்.

அவருடன் வேலை செய்த இன்னொரு கொத்தனார் தாடிக்காரர், சிரித்துப் பேசுகிறவர். அவர் ஏணியில் ஏறி வந்து, "என்னம்மா இது, சிறைச்சாலையில பேசிக்கிற மாதிரி இருக்கு," என்றார்.

"பதில் வந்தா சரி. வாயால வரணும்னு விதியில எழுதலை," என்று சொல்லிவிட்டு அட்டையில் நேரத்தைக் குறித்தாள்.

எட்டு நாள் அப்படியே ஓடியது. மழை தூறினால் வாசலுக்கு மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவாள். ஒவ்வொரு கல்லும் பதினைந்து கிலோ. கூடையில் இறங்கும்போது சுவரில் இடிக்காமல் கயிற்றைப் பிடித்துக்கொள்வாள். கல் நுனி உடைந்தால் அண்ணன் அதைத் திருப்பி மேலே அனுப்பிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். எட்டு நாளில் ஒரு கல்கூடத் திரும்பி வரவில்லை. அதை இரண்டு பேருமே கவனித்தார்கள், இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளவில்லை.

எட்டாம் நாள் சாயங்காலம் கீழ்வீட்டில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். புருஷன் கால் நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

"உள்ள என் மச்சான் எப்படி இருக்காரு?"

"உயிரோட இருக்காரு. தட்டுறாரு."

"ஏம்மா, இடிச்சது என் கல்லை. எனக்கே கோபம் இல்ல. உனக்கு எதுக்கு?"

"உங்களுக்கு ரோஷம் இல்லைன்னா வீட்டுல ஒருத்தருக்காவது இருக்க வேணாமா?"

"ரோஷப்பட என்ன இருக்கு? உக்காந்த இடத்துல வேலை. லாரியில ரேடியோ இருக்கு. அன்னிக்கு அவர் இடிக்கலைன்னா இன்னும் முட்டி தேயத் தேய கல்லு அடுக்கிட்டு இருப்பேன். நியாயமா பார்த்தா நான்தான் அவருக்கு விருந்து வைக்கணும்."

"வைங்க. மீன் இருக்கு, எடுத்துட்டுப் போங்க."

அதற்குள் அண்ணி காலித் தட்டோடு உள்ளே வந்துவிட்டாள். வந்தவள் அடுப்பு பக்கத்தில் சாய்ந்து நின்றாள்.

"உங்க அண்ணன் கேக்குறாரு, கீழ என்ன வாசனைன்னு. மீன்னேன். அப்படியான்னு எழுந்து போய் ஜன்னல் பக்கத்துல உக்காந்துட்டாரு. இது எனக்குப் பிடிக்கலை பாரு. வாசனை பிடிக்கத் தெரியுது, படியிறங்கத் தெரியலை."

"நான் என்ன படியில முள்ளா போட்டிருக்கேன் அண்ணி?"

"நீ போடலை. அவரும் போடலை. நான்தான் ரெண்டு பேருக்கும் நடுவுல ஏறி இறங்கி முட்டி வலிக்குது."

பெரிய துண்டாக நாலை அவள் தட்டில் வைத்தாள். அண்ணி எண்ணிப் பார்த்துவிட்டு, "இதுல அவருக்கு எத்தனை?" என்றாள்.

"நான் உங்களுக்குத்தான் வைச்சேன். நீங்க யாருக்குக் குடுத்தா எனக்கென்ன," என்றாள். புருஷன் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

ஒன்பதாம் நாள் காலையில் வானம் வெளுத்திருந்தது. உலையின் அடிப்பக்கம் புனல் மாதிரி குறுகி ஒரு கழுத்தாக முடியும். உருகிய கசடு கீழே இருக்கும் தண்ணீருக்குள் விழும் வழி அது. இருக்கிற வேலையிலேயே நுணுக்கமான வேலை அந்தக் கழுத்துதான். அண்ணன் அதற்குள் இடுப்பளவு இறங்கிக் குனிந்து கல் பதித்துக்கொண்டிருந்தார். காற்றில் ஆக்சிஜன் குறைந்தால் கத்துகிற சின்னக் கருவி ஒன்றை உள்ளே போகிற எல்லோரும் நெஞ்சில் மாட்டியிருக்க வேண்டும். குனியும்போது அது கல்லில் இடிக்கிறதென்று அவர் கழற்றி, தலைக்கு மேலே ஏணிக்கம்பியில் தொங்கவிட்டிருந்தார். மேலே இருந்து பார்க்க அது மார்பில் இருக்கிறதா ஏணியில் இருக்கிறதா என்று தெரியவில்லை.

தாடிக்காரர் தண்ணீர் குடிக்க மேலே வந்தார். அவர் டோக்கனைக் கழற்றிக் கொடுத்தாள். மணி பத்து நாற்பது. குனிந்தாள்.

"உள்ள எப்படி இருக்கு?"

தட்டு வரவில்லை.

"உள்ள எப்படி இருக்குன்னு கேட்டேன்."

"பாப்பா," என்று குரல் வந்தது.

அவள் கை வாசல் விளிம்பில் அப்படியே நின்றது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட உலகத்தில் அவர் ஒருத்தர்தான் உண்டு. தாடிக்காரரும் குடித்துக்கொண்டிருந்த குவளையை இறக்கினார்.

"பாப்பா, மேல காத்து அடிக்குதா? தொப்பியைக் கெட்டியா கட்டிக்க."

சிரிப்பு சத்தம் கேட்டது. சின்ன வயசில் மாடி ஏறிக் காற்றாடி விடும்போது சிரிக்கிற சிரிப்பு.

"உன் வீட்டுக் கதவு தொறந்திருந்தா நான் படியில மெதுவா இறங்குவேன், தெரியுமா உனக்கு? நீ உள்ள பேசிட்டு இருப்பே. அதைக் கேட்டுட்டே இறங்குவேன். சண்டை போடுற மாதிரியே பேசுவே. நல்லா இருக்கும்."

பதில் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தை, அண்ணா என்று சொன்னால் போதும். மூன்று வருஷமாக எந்தப் பக்கத்திலிருந்து வருமென்று காத்திருந்தாளோ அது வந்துவிட்டது. அவள் வாயைத் திறந்தாள்.

"உன் புருஷன் வைச்ச கல்லு ஒண்ணும் மோசமில்ல பாப்பா. ரொம்ப நல்லா இருந்துச்சு. நான்தான் சும்மா இடிச்சேன்."

அவள் கை ஹாரன் பக்கம் போயிற்று.

அண்ணன் மன்னிப்புக் கேட்கலாம், அழலாம், பாப்பா என்று கூப்பிடலாம். ஆனால் கோணல் கல்லை நல்ல கல் என்று அவர் வாய் சொல்லாது. அது கோணல்தான் என்று மூன்று வருஷமாக அவளுக்கும் தெரியும். பேசுவது அண்ணன் இல்லை. உள்ளே காற்று சரியில்லை.

ஹாரனை அடித்தாள். அடித்துக்கொண்டே, "அண்ணா, சுத்தியலைக் கீழ போடு. நிமிந்து ஏணியைப் பிடி," என்று கத்தினாள்.

"கல்லு இன்னும் ரெண்டு இருக்கு," என்று குழறலாக வந்தது. மஞ்சள் தொப்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து, கழுத்து விளிம்பில் மெல்லப் படுத்துக்கொண்டது.

தாடிக்காரர் ஏணியில் காலை வைத்துவிட்டார். அவள் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள்.

"இறங்காதீங்க."

"உன் அண்ணன்மா."

"எனக்குத் தெரியும். இறங்கினா ரெண்டு பேரு. ராட்டினத்தைப் பிடிங்க."

அவளுக்கும் இறங்கத்தான் கால் துடித்தது. ராட்டினத்தின் கைப்பிடியில் நாலு கை விழுந்தது. கயிறு விறைத்தது. கல் பதித்த கழுத்திலிருந்து அவர் உடம்பு ஒரு முறை சிக்கி, பிறகு விடுபட்டு மேலே வந்தது. தொங்குகிற தலை, சாந்து அப்பிய விரல்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முழம் வந்தது. நாற்பது அடிக்கு எத்தனை சுற்று என்று பின்னால் கேட்டார்கள், அவள் எண்ணவில்லை. மீட்புக் குழு படியேறி ஓடி வருவதற்குள் தொப்பி வாசலுக்கு வந்துவிட்டது. இழுத்துத் தரையில் கிடத்தி முகமூடி வைத்தார்கள். நாலாவது மூச்சில் அவர் இருமினார். கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். முகமூடிக்குள்ளிருந்து முதலில் கேட்டது:

"வரி கலைஞ்சிருச்சா?"

"கலையலை," என்றாள் அவள். அப்புறம்தான் அங்கேயே உட்கார்ந்தாள்.

குழாய்களைச் சுத்தம் செய்ய விடுகிற நைட்ரஜன், அடைக்காமல் விட்டுப்போன ஒரு மெல்லிய குழாய் வழியாகக் கழுத்துக்குக் கீழே கசிந்திருக்கிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. மூச்சு முட்டுவதும் தெரியாது. ஆள் குடித்தவர் மாதிரி சந்தோஷமாகிவிடுவார், பிறகு சாய்ந்துவிடுவார். ஏணியில் தொங்கிய கருவி கத்துவதற்குள் ஆள் போயிருப்பார் என்றார் டாக்டர். ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கலாம், பயமில்லை என்றும் சொன்னார்.

மதியம் பாதுகாப்பு அதிகாரி அவளை உட்காரவைத்து வாக்குமூலம் எழுதச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதமான ஆள், எதையும் படிவத்தில் அடக்கிவிட நினைப்பவர். எழுதி முடித்ததை வாங்கிப் படித்தார்.

"கருவி சத்தம் கேக்கலை. சரி. ஆனா ஆபத்துன்னு எப்படித் தெரிஞ்சதுங்கிற இடத்துல என்ன எழுதியிருக்கீங்க? 'அன்பாகப் பேசினார்'னு எழுதியிருக்கு."

"ஆமா சார்."

"அது எப்படிம்மா ஒரு அறிகுறியாகும்?"

"எங்க அண்ணனுக்கு ஆகும் சார்."

அவர் பேனாவை உருட்டினார். "என்ன பேசினாருன்னும் எழுதிடுங்க. மேலிடத்துல கேப்பாங்க."

தொப்பி, மாடிப்படி, கல் என்று மூன்றையும் வரிசையாக, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் சாயங்காலம் அண்ணனைத் தண்ணீர் லாரியிலேயே வீட்டுக்குக் கூட்டிவந்தான் அவள் புருஷன். மாடிக்குப் போகாமல் அண்ணன் கீழ்வீட்டு வாசலில் நின்றார். கதவு திறந்துதான் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் நாற்காலியை லேசாக ஆட்டிப் பார்த்தார்.

"ஒரு கால் குட்டை," என்றார்.

"மூணு வருஷமா குட்டைதான். யாரு வந்து பார்த்தாங்க?" என்றாள் அவள்.

அண்ணி மாடியிலிருந்து இறங்கி வந்து சத்தம் போடாமல் கதவோரம் நின்றுகொண்டாள். தேநீர் வந்தது. பாதி குடித்தபின் அண்ணன் மச்சானைப் பார்த்துச் சொன்னார்.

"கல்லு சரியில்ல மச்சான். அதை நான் இப்பவும் சொல்லுவேன். ஆனா பதினோரு பேரு முன்னாடி இடிச்சிருக்கக் கூடாது. உன்னைத் தனியா கூப்பிட்டுச் சொல்லிட்டு இடிச்சிருக்கணும்."

"எப்படியும் இடிச்சிருப்பீங்க."

"இடிச்சிருப்பேன்."

"கோணல்தாங்க," என்றாள் அவள் புருஷனிடம். "எனக்கு அன்னிக்கே தெரியும். நீங்க வைச்ச அலமாரியைத்தான் நான் தினமும் பார்க்குறேனே."

புருஷன் அலமாரியை ஒருமுறை பார்த்தான். "எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டீங்க," என்று சொல்லிவிட்டு ரொட்டியை எடுத்துத் தேநீரில் தோய்த்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"பாப்பா, உள்ள நான் ஏதோ பேசினேனாமே. எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. என்ன பேசினேன்?"

"நிறைய பேசினே."

"கல்லைப் பத்தி ஏதாவது?"

"நல்லா இருந்துச்சுன்னு சொன்னே. சும்மா இடிச்சேன்னு சொன்னே."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். "வேற யாராவது கேட்டாங்களா?" என்றார் அவர்.

"தாடிக்காரர் கேட்டாரு. மத்தபடி நான் எழுதித்தான் குடுத்திருக்கேன். ஆபீஸ்ல இருக்கு."

"எழுத்துலயா?"

"எழுத்துலதான். கையெழுத்தோட."

அன்று இரவு மாடியில் அவர் வெகுநேரம் நடந்துகொண்டே இருந்ததாக அண்ணி சொன்னாள். மறுநாள் வேலைக்குப் போனார். குழாயை அடைத்து, காற்றைச் சோதித்து, கருவியைக் கல்லில் இடிக்காத மாதிரி தோள்பட்டையில் தைத்துக் கொடுத்தார்கள். மீதி வேலை ஒரு வாரத்தில் முடிந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அவள் குனிந்து கேட்டாள். பதில் வாயால் வந்தது. மட்டம் சரியில்லை, கூடையை ஆட்டாதே, தாடிக்காரரை அனுப்பு, சாப்பிட்டாயா என்று வந்துகொண்டே இருந்தது. "முன்னாடி இருந்ததே தேவலை, ரெண்டு தட்டோட முடியும்," என்றார் தாடிக்காரர்.

உலையை மூடி, கல்லைக் காய வைக்க மெல்லத் தீ மூட்டிய நாளில் பாதுகாப்பு அதிகாரி அவளை மறுபடி கூப்பிட்டார்.

"உங்க அண்ணன் ஒரு வாரமா தினமும் வந்து நின்னாரு. வாக்குமூலத்தைத் திருத்தணும்னு. அடுத்தவங்க வாக்குமூலத்தைத் திருத்த முடியாதுன்னேன். அப்ப அடியில எனக்கு இடம் குடுங்கன்னாரு. சம்பந்தப்பட்டவர்ங்கிற முறையில குடுத்தேன். நீங்களும் படிச்சுக் கையெழுத்துப் போட்டா கோப்பை மூடிடலாம்."

தாளைத் திருப்பினாள். அவளுடைய எழுத்துக்குக் கீழே, கோடு போடாத தாளிலும் கோடு போட்ட மாதிரி நேராக, அண்ணனின் எழுத்து இருந்தது.

'மேலே கண்டவற்றுள் கல்லைப் பற்றி நான் சொன்னது மட்டும் தவறு.'

அவள் அதை ஒருமுறை படித்தாள். 'மட்டும்' என்ற சொல்லில் விரலை வைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தாள். ஒன்றும் ஞாபகம் இல்லை என்று சொன்ன மனுஷன்.

"ஏதாவது மாத்தணுமா?" என்றார் அதிகாரி.

"வேணாம் சார். சரியா இருக்கு," என்று சொல்லி, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.